எறியப்படும் மீனும் எழுதப்படும் சட்டமும்



பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று அம்பாறைக் கரையோரம் வரிசையாக அமைந்துள்ள ஊர்களிலே, கரைவலை இழுப்பதைப் பாராமல் வளர்ந்த பிள்ளை அரிது. இரு புறமும் ஆட்கள் நின்று கம்பாவை இழுக்க, மடி மெல்ல மெல்லக் கரையேறும். பின்னர் தரம் பிரித்தல் நடைபெறும். நெத்தலி, கீரி, சூடை ஆகியவை கூடைக்குப் போகும். விரல் நீளப் பாரைக்குட்டியும், முள் நிறைந்த சிறு மீனும், நண்டுக் குஞ்சும் மணலிலேயே கிடக்கும். அவற்றைக் காகம் கொத்தும், நாய் இழுக்கும்.

நல்லவற்றைக் கூடையிலே சேர்த்து ஆகாதவற்றை வெளியே எறியும் இக்காட்சி நற்செய்தியிலே ஓர் உவமையாக வருவதை நாம் அறிவோம். அவ்வுவமை இறுதித் தீர்ப்பைப் பற்றியது. மீன்பிடிக்குச் சட்டம் சொல்வதன்று. ஆயினும் இன்றைய கடற்றொழிலைப் பற்றி ஒரு கேள்வியை நாம் கேட்டே ஆகவேண்டும். “ஆகாத மீன்” என்பது எது? அதை ஆகாததாக்குவது கடலா, சந்தையா, அல்லது சட்டமா?

இவ்வாரப் பாடம் இக்கேள்வியைப் பற்றியதே.

1. சொற்களை முதலில் விளங்கிக்கொள்வோம்

கடற்றொழிலாளர் ஒருவர் சூரை பிடிக்கவென்று வலை விரிக்கிறார். சூரையோடு சுறாவும், திருக்கையும், ஆமையும், இன்னும் வளராத குஞ்சு மீனும் சிக்கிக்கொள்கின்றன. நாடாமல் வந்து சேரும் இவற்றை “கூடச் சிக்குபவை” என்று சொல்லலாம். கூடச் சிக்குபவை யாவும் வீணாவதில்லை. சுறா கருவாடாகும், திருக்கை கறியாகும். எவை கரைக்குக் கொண்டுவரப்படாமல் கடலிலேயே திருப்பி எறியப்படுகின்றனவோ அவையே “எறியப்படும் மீன்”. அவ்வாறு எறியப்படுபவற்றுட் பெரும்பாலானவை இறந்தவை, அல்லது சற்று நேரத்தில் இறக்கப்போகின்றவை.

ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2010 முதல் 2014 வரையான காலத்தில் உலகக் கடல்களிலே ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 91 இலட்சம் மெற்றிக் தொன் மீன் இவ்வாறு எறியப்பட்டது. பிடிக்கப்பட்ட மொத்த மீனில் இது 10.8 வீதம். அதாவது பத்து மீன் பிடித்தால் ஒரு மீன் எவர் வயிற்றுக்கும் பயன்படாமற் போகிறது.

இத்தொகையை நம் நாட்டுக் கணக்கோடு ஒப்பிட்டால் அதன் அளவு புரியும். 2014 முதல் 2017 வரையான ஆண்டுகளிலே இலங்கையின் கடல் மீன் உற்பத்தி ஆண்டுக்குச் சுமார் 4.5 இலட்சம் தொன். அவை நல்ல ஆண்டுகள். உலகம் ஓர் ஆண்டிலே எறிவது, இலங்கை முழுவதும் அத்தகைய இருபது நல்ல ஆண்டுகளிற் பிடிக்கும் மீனுக்குச் சமம்.

எறியப்படுவதில் ஏறத்தாழ பாதி, கடலின் அடியை வாரிச் செல்லும் இழுவை மடிகளாலே விளைவது. சுருக்கு வலை, செவுள் வலை ஆகியவை அடுத்து வருகின்றன. செவுள் வலையாலும் ஆண்டுக்கு 8 இலட்சம் தொன் வரை எறியப்படுவதாக அதே மதிப்பீடு கூறுகிறது. இது நம்மைத் தொடும் செய்தி. ஏனெனில் இலங்கையின் ஆழ்கடற் படகுகள் பல தலைமுறையாக நம்பியிருப்பது செவுள் வலையையே.

2. கையாற் பிடித்ததைக் கையாலேயே எறிவது ஏன்?

வெயிலிலும் மழையிலும் உழைத்துப் பிடித்ததை எவரும் விளையாட்டாக எறிவதில்லை. எறிவதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை அறியாமல் தொழிலாளரைக் குறை கூறுவது அறிவுடைமையாகாது.

முதற் காரணம் இடமும் ஐசும். பலநாள் படகு மூன்று நான்கு வாரம் கடலிலே நிற்கிறது. கொண்டு சென்ற ஐஸ் கரைந்துகொண்டே போகிறது. மீன் அறையின் கொள்ளளவோ வரையறுக்கப்பட்டது.

இதை ஒரு கணக்கினால் விளக்குவோம். கணக்குக்காக, ஒரு படகின் மீன் அறை 5,000 கிலோ கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரத்திலே கிலோ 300 ரூபா பெறும் மலிவு மீன் 1,500 கிலோ சேர்கிறது. மூன்றாம் வாரத்திலே, கிலோ 1,000 ரூபா பெறும் பெரிய சூரைக் கூட்டம் அகப்படுகிறது. அறை நிறைந்துவிட்டது. இப்போது மலிவு மீனில் 1,000 கிலோவைக் கடலில் எறிந்து அவ்விடத்திலே பெரிய சூரையை வைத்தால் 7 இலட்சம் ரூபா மிகுதியாகக் கிடைக்கும். எண்ணெய்க் கடனும் ஐஸ் கடனும் தலைமேல் இருக்கும்போது எவர்தான் எறியமாட்டார்?

இரண்டாவது காரணம் பழுது. செவுள் வலை இரவு முழுவதும் நீரிலே கிடக்கிறது. முன்னிரவில் சிக்கிய மீன் விடியுமுன் மென்மையாகிவிடும். சிலவற்றைச் சுறா கடித்துவிடும். இவை விலைபோகா.

மூன்றாவது காரணம் சந்தை. நல்ல மீனாயினும் வாங்குவார் இல்லாவிடில் அது ஆகாத மீனே. வீட்டிலே “அந்த மீன் வேண்டாம், முள் அதிகம்” என்று நாம் சொல்லும் சொல்லும் ஏதோ ஒரு படகிலே மீனைக் கடலுக்கு அனுப்புகிறது.

நான்காவது காரணம் நம்மை வியக்கவைப்பது. அது சட்டமே. ஒரு மீனைக் கரைக்குக் கொண்டுவரக்கூடாதென்று சட்டம் சொன்னால், சிக்கி இறந்த அம்மீனுக்குக் கடலைத் தவிர வேறிடமில்லை.

3. இலங்கையிலே இருக்கும் சட்டங்கள்

நம் நாட்டிலே சட்டம் இல்லையென்று எவரும் சொல்லமுடியாது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டம் இத்துறையின் அடிப்படைச் சட்டமாகும். வெடிபொருளும் நஞ்சும் கொண்டு மீன் பிடிப்பதை அது குற்றமாக்கியது. குறிப்பிட்ட காலத்திலே குறிப்பிட்ட மீன்பிடியை மூடி வைக்கும் அதிகாரத்தை அமைச்சருக்கு வழங்கியது. முருகைக்கல் மீதும் பாறை மீதும் சில வலைகளை விரிப்பதை அதன் கீழ் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் தடுத்தன. 2006ஆம் ஆண்டில் தங்கூசி வலை தடைசெய்யப்பட்டது. அறுந்து கடலில் மிதந்தாலும் கண்ணுக்குத் தெரியாமல் மீனைக் கொன்றுகொண்டே இருப்பது அவ்வலை. 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், கடலடியை வாரும் இயந்திர இழுவை மடியை நாடு முழுவதும் தடைசெய்தது. ஆமைகளைத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காக்கிறது.

சர்வதேச விதிகளும் உண்டு. ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 1991 டிசெம்பரில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, நாட்டெல்லைக்கப்பாலுள்ள பெருங்கடலில் மிக நீண்ட மிதக்கும் செவுள் வலைகளை 1992 முடிவோடு நிறுத்துமாறு எல்லா நாடுகளும் கேட்கப்பட்டன. இரண்டரைக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட வலையே “மிக நீண்ட வலை” எனக் கணிக்கப்படுகிறது. சீஷெல்ஸ் நாட்டிலே தலைமையகம் கொண்ட இந்து சமுத்திர சூரை மீன் ஆணைக்குழுவில் இலங்கையும் ஓர் அங்கத்துவ நாடு. சூரை பிடிக்கும் சுருக்கு வலைக் கப்பல்கள் தாம் பிடித்த சூரையைக் கடலில் எறியக்கூடாதென்று அந்த ஆணைக்குழு விதித்திருக்கிறது. 2019ஆம் ஆண்டுத் தீர்மானம் அதனை உறுதிசெய்தது.

இவ்விதிகளைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதையும் நாம் அனுபவித்தே அறிந்தோம். பெருங்கடலில் இலங்கைப் படகுகளைக் கண்காணிக்க ஒழுங்கான முறையில்லையென்று ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் எச்சரித்தது. 2014 ஒக்டோபரில் தடையை அறிவித்தது. 2015 ஜனவரி முதல் இலங்கை மீன் ஐரோப்பாவுக்குப் போகமுடியாமற் போயிற்று. படகுகளிலே இருப்பிடம் காட்டும் கருவிகள் பொருத்தப்பட்டு, பதிவேடு எழுதுவது கட்டாயமாக்கப்பட்ட பின்னரே, 2016 ஜூனில் அத்தடை நீங்கியது. தடை நிலவிய காலத்திலே ஏற்றுமதிச் சூரையை நம்பியிருந்தவர்கள் படகு முதலாளி முதல் ஐஸ் உடைக்கும் தொழிலாளி வரை வருந்தினார்கள்.

ஆகவே சட்டம் அலுவலகத் தாளோடு நின்றுவிடும் விடயமன்று. அது சாய்ந்தமருதுக் குடும்பமொன்றின் உலைமூடி வரை வருகிறது.

4. சுறா காட்டும் பாடம்

சாட்டை போல் நீண்ட வாலுடைய ஒரு சுறா வகை உண்டு. சிங்களத்திலே இதனைக் “கச மோரா” என்பர். வாலினாலே சிறு மீன்களை அடித்து மயக்கி உண்பது இதன் வழக்கம். மிக மெதுவாகப் பெருகும் இனம். தாய்ச்சுறா ஒரு முறையிலே ஈனுவது இரண்டு நான்கு குட்டிகளே. ஆதலால் அளவுக்கு மிஞ்சிப் பிடித்தால் மீண்டெழுவது கடினம். இந்து சமுத்திர ஆணைக்குழுவின் தீர்மானத்திற்கமைய இலங்கை 2012ஆம் ஆண்டில் இச்சுறாவைப் பிடிப்பதையும் கரைக்குக் கொண்டுவருவதையும் தடைசெய்தது. 2015இல் பெருங்கடற் படகுகளுக்கென ஆக்கப்பட்ட விதி, வெண்முனைத் துடுப்புடைய பெருங்கடற் சுறாவையும் புள்ளிச் சுறாவாகிய திமிங்கிலச் சுறாவையும் அவ்வரிசையிலே சேர்த்தது.

நல்ல நோக்கமுடைய சட்டம் இது. இச்சுறாவினால் வரும் இலாபத்தை அது இல்லாமற் செய்தது. இலாபம் இல்லையேல் தேடிச்சென்று பிடிப்பாரில்லை.

ஆனால் வலைக்குச் சட்டம் வாசிக்கத் தெரியாது. சூரைக்கு விரித்த செவுள் வலையிலும் நீண்ட கயிற்றுத் தூண்டிலிலும் சாட்டைவால் சுறா இன்னும் சிக்குகிறது. தூண்டிலிலே பெரும்பாலும் வாயினாலன்று, வாலினாலேயே சிக்கிக்கொள்கிறது. முன்னோக்கி நீந்தினால்தான் இச்சுறாவுக்கு மூச்சு. வால் கட்டுண்டு பின்னோக்கி இழுபடும்போது அது மூச்சடைத்து இறக்கிறது. உயிரோடிருந்தால் விட்டுவிடு என்கிறது சட்டம். இறந்திருந்தாலோ கொண்டுவர முடியாது, கடலிலே எறியவேண்டும்.

அதைவிடப் பெரிய தீங்கு ஒன்றும் உண்டு. பதிவேட்டிலே “இன்று சாட்டைவால் சுறா மூன்று சிக்கி இறந்தன” என்று எழுதப் படகோட்டி அஞ்சுகிறார். எழுதாவிடில் அச்சுறா கணக்கிலும் இல்லை. கரையிலே அதிகாரி பார்க்கிறார்; சுறா இல்லை. சட்டம் வெற்றிபெற்றதென்று அறிக்கை எழுதலாம். கடலிலே சுறா குறைந்துகொண்டிருக்கலாம். இரண்டும் ஒரே நாளில் உண்மையாக இருக்கக்கூடும்.

இதிலிருந்து நாம் கற்கும் பாடம் யாது? கரையிலே காத்துநிற்கும் சட்டம் பிந்திய சட்டம். அது எட்டும்போது மீன் இறந்துவிட்டது. மீன் வலைக்குள் வருமுன்னே வேலை செய்யும் சட்டமே மீனையும் காக்கும், தொழிலாளரையும் காக்கும். முன்னது பிழையன்று, ஆனால் பின்னதில்லாமல் அது பாதிச் சட்டம்.

5. பிற நாடுகள் செய்து பார்த்தவை

நோர்வே நாடு 1987ஆம் ஆண்டில், காட், ஹடக் என்னும் தன் முக்கிய மீன்களைக் கடலில் எறிவதைத் தடைசெய்தது. அதோடு நில்லாமல் மூன்று காரியங்களையும் சேர்த்துச் செய்தது. கடலின் ஒரு பகுதியிலே குஞ்சு மீன் மிகுதியாகச் சிக்குவதாகக் கண்டால் அப்பகுதியை உடனே மூடிவிடும். படகுகள் வேறிடம் செல்லவேண்டும். இறால் மடியின் உள்ளே சட்டம் போன்ற கம்பித் தடுப்பைப் பொருத்தச் செய்து, இறால் உட்செல்ல, மீன் மேல்வழியாக வெளியேற வழி வைத்தது. தவிர்க்க முடியாமற் பிடிபட்ட குஞ்சு மீனைக் கரைக்குக் கொண்டுவந்தால், அதன் விலையில் ஒரு சிறு பங்கை மாத்திரம் படகுக்குக் கொடுத்தது. கொண்டுவரும் செலவுக்குப் போதும். தேடிப் பிடிக்கும் ஆசைக்குப் போதாது. இந்த அளவீட்டிலே பெரிய விவேகம் இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியமும் 2013இல் தன் மீன்பிடிக் கொள்கையைத் திருத்தி, பிடித்த மீனைக் கரைக்குக் கொண்டுவரவேண்டுமென்ற கட்டாயத்தை 2015இல் தொடங்கி 2019இல் முழுமையாக்கியது. ஆயினும் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. நடுக்கடலிலே யார் பார்க்கிறார்? எறிதல் மறைவாகத் தொடர்ந்தது. ஆகவே 2023இல் திருத்தப்பட்ட கண்காணிப்பு விதி, 18 மீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட, மீறல் அபாயம் கூடிய படகுகளிலே கமரா பொருத்துவதைக் கட்டாயமாக்கியது. தடை எழுதுவது எளிது. கண்காணிப்பே செலவு மிக்கது என்பதை இது காட்டுகிறது.

அயல்நாட்டுக்கு வருவோம். இறால் மடியிலே சிக்கும் ஆமை தப்பிச்செல்ல ஒரு கதவு போன்ற கருவி உண்டு. அதனைப் பொருத்தாத நாடுகளின் கடல் இறாலை வாங்குவதில்லையென்று அமெரிக்கா 1989ஆம் ஆண்டுச் சட்டத்தினால் வகைசெய்தது. கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் இந்தியக் கடலுக்கேற்ற கருவியை உருவாக்கியும், படகுகளில் அது பரவலாகப் பொருத்தப்படவில்லை. 2019இல் இந்தியக் கடல் இறாலுக்கு அமெரிக்கச் சந்தை மூடப்பட்டது. கருவி இருந்தும் பயன்படுத்தாதவர் இழந்தது சந்தையை.

தமிழ்நாட்டிலே வேறொரு பாடம் உண்டு. அங்கே இழுவைப் படகுகளில் வரும் குஞ்சு மீனை முன்னர் கடலில் எறிந்தார்கள். இப்போது அதற்குக் “கழிசல்” என்று பெயரிட்டு, கோழித் தீனுக்கும் மீன் தூளுக்கும் விற்கிறார்கள். எறிதல் குறைந்தது, குஞ்சு மீன் சாவது குறையவில்லை. விலை கிடைப்பதால் இன்னும் கூடவும் இடமுண்டு. உலகிலே எறியப்படும் மீன் 2 கோடி 70 இலட்சம் தொன் என்று 1994இல் வெளிவந்த மதிப்பீடு கூறியது. இன்றைய 91 இலட்சம் அதனிலும் மிகக் குறைவு. கணக்கிடும் முறை மாறியது ஒரு காரணம்; முன்னர் எறிந்ததை இன்று தீனுக்கு விற்பது இன்னொரு காரணம். ஆகவே “எறியாதே” என்ற சட்டம் மாத்திரம் போதாது. “பிடியாதே” என்பதற்கு வழி காட்டவேண்டும்.

6. வலைக்கு முன் நிற்கும் விதிகள்

அப்படியானால் எத்தகைய விதிகள் நம் கரைக்கு ஏற்றவை?

முதலாவது வலைக்கண். கரைவலை மடியின் கண் சற்றுப் பெரிதானால் விரல் நீளக் குஞ்சு தப்பிவிடும். ஆனால் நெத்தலிக்குச் சிறு கண்தான் வேண்டும். ஆதலால் ஒரே அளவை எல்லா வலைக்கும் விதித்தல் பொருந்தாது. எந்த மாதத்தில் எந்த மீன் வரும் என்பதை அறிந்த தண்டயலைக் கேட்டே அளவும் காலமும் குறிக்கவேண்டும்.

இரண்டாவது வலையின் ஆழம். செவுள் வலையை நீர்மட்டத்திலிருந்து 2 மீற்றர் கீழே தொங்கவிடுமாறு இந்து சமுத்திர ஆணைக்குழு தன் தீர்மானத்திலே கூறியுள்ளது. அதற்கு 2023ஆம் ஆண்டைத் தவணையாகக் குறித்தது. மிதப்புக் கட்டையையும் வலையையும் இணைக்கும் கயிற்றை நீட்டினாலே போதும். மூச்செடுக்க மேலே வரும் டொல்பின் வலைக்கு மேலாகச் சென்றுவிடும். பாகிஸ்தான் கடற்றொழிலாளர் செய்து பார்த்ததிலே, டொல்பின் சிக்குவது பெருமளவு குறைந்தது. சூரைப் பிடிபாட்டிலே சிறிதளவே குறைவு காணப்பட்டது. கயிறு மலிவு, பலன் பெரிது.

மூன்றாவது நேரம். வலை நீரிலே கிடக்கும் நேரத்தைக் குறைத்தால் பழுதாகும் மீன் குறையும். சுறாவையும் ஆமையையும் உயிரோடு விடுவிக்கும் வாய்ப்புக் கூடும்.

நான்காவது அஞ்சாமல் எழுதும் பதிவேடு. தற்செயலாகச் சிக்கிய தடைசெய்யப்பட்ட சுறாவை உண்மையாக எழுதுபவருக்குத் தண்டனை வரக்கூடாது. மறைப்பவருக்கே வரவேண்டும். எங்கே, எப்போது சிக்கியதென்பது தெரிந்தால்தான் அவ்விடத்தைத் தவிர்க்க முடியும்.

ஐந்தாவது ஐசும் துறையும். ஒலுவிலிலே 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் வாயிலை மணல் மூடியதாலே, இப்பகுதி ஆழ்கடற் படகுகள் பல வாழைச்சேனை போன்ற தூரத் துறைகளை நாடவேண்டியதாயிற்று. அயலிலே துறை இல்லையேல் ஐஸ் தூரம். மீன் தரம் கெடும். கெட்ட மீன் எறியப்படும். மீனை வீணாக்காதே என்று சட்டம் எழுதும் அரசு, மீன் வீணாகாமல் இறக்கும் இடத்தையும் அமைத்துக் கொடுத்தல் நீதி.

7. சுமை யார் தலையில்?

இங்கே ஒரு நியாயமான அச்சம் உண்டு. புது வலைக்குக் காசு வேண்டும். மூடிய காலத்துக்குச் சோறு வேண்டும். படகிலே செலவு கழித்த மீதிதான் படகுக்கும் ஆட்களுக்கும் பங்காகிறது. வருமானம் குறைந்தால் முதலில் குறைவது பங்காளியின் பங்கு. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை இலங்கையிலே மிகக் கூடுதலான உயிர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்திலிருந்துதான். அன்று வீட்டையும் தோணியையும் ஒருங்கே இழந்து மீண்டும் எழுந்தவர்கள் இம்மக்கள். அவர்களைப் பார்த்து “நாளை முதல் இந்த வலை கூடாது” என்று மாத்திரம் சொல்வது சட்டமாகலாம், நீதியாகாது.

வழி இருக்கிறது. 1996ஆம் ஆண்டுச் சட்டமே ஒரு பகுதியை மீன்பிடி முகாமைத்துவப் பகுதியாகப் பிரகடனம் செய்யவும், அப்பகுதித் தொழிலாளரைக் கொண்டு கடற்றொழிற் குழுக்களை அமைக்கவும் இடம் தருகிறது. கரைவலைக்காரரும், ஒருநாள் படகுக்காரரும், ஆழ்கடற் படகுக்காரரும் ஒரே மேசையில் அமர்ந்து, பரிசோதகரோடு பேசி, தம் கரைக்கேற்ற கண் அளவையும் காலத்தையும் தாமே வகுக்கலாம். தானே வகுத்த விதியை மீறத் தன் மனமே இடம் தராது. மேலிருந்து வந்த விதியை மீறுவது திறமையாகவே எண்ணப்படும்.

இக்கரையிலே முஸ்லிம்களும் இந்துக்களும் கத்தோலிக்கரும் ஒரே கடலை நம்பி வாழ்கின்றனர். வீண்விரயத்தை இஸ்லாம் கண்டிப்பதை நம் அயலவர் நன்கு அறிவர். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலும், பிடித்ததிற் பெரும்பகுதியை எறிந்துவிடும் மீன்பிடி முறைகளை வெளிப்படையாகவே குறிப்பிட்டுக் கவலை தெரிவித்தது. ஆதலால் இவ்விடயத்திலே பள்ளிவாசலும் கோயிலும் ஆலயமும் ஒரே குரலிற் பேசத் தடையொன்றுமில்லை.

8. வீட்டிலே நாம்

சட்டம் அரசின் வேலை, வலை தொழிலாளரின் வேலை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. தவக்காலத்திலும் வெள்ளிக்கிழமைகளிலும் மீனைத் தேடும் குடும்பங்கள் நம்முடையவை. விரல் நீளப் பாரைக்குட்டியை மலிவென்று வாங்கினால், அதைப் பிடிக்க மறுநாளும் சிறு கண் வலை வரும். வளர்ந்திருந்தால் ஒரு குடும்பத்துக்கு ஒரு நேரக் கறியாகியிருக்கும் மீன் அது. அதேவேளை, வளர்ந்த மீனாயினும் பெயர் தெரியாததென்றோ முள் மிகுந்ததென்றோ ஒதுக்காமல் வாங்கிச் சமைத்தால், படகிலே எறியப்படும் மீன் ஒன்று குறையும். குஞ்சை வாங்காதிருத்தலும், வளர்ந்ததை ஒதுக்காதிருத்தலும் ஆகிய இவ்விரண்டையும் பிள்ளைகளுக்குச் சந்தையிலேயே காட்டிக் கொடுக்கலாம்.

கடல் தருவது எல்லையற்றதென்று நம் பாட்டன்மார் எண்ணியதிலே தவறில்லை. அவர்களுடைய பருத்தி நூல் வலைக்கும் பாய்த் தோணிக்கும் கடல் எல்லையற்றதாகவே இருந்தது. இன்றைய நைலோன் வலைக்கும் இயந்திரத்துக்கும் அஃது எல்லையுடையது. அந்த எல்லையைக் கரையிலே நின்று பார்க்கும் சட்டம் போதாது. வலை விரிக்கும் கை அறிந்திருக்கவேண்டும். அக்கைக்கு அறிவையும், நல்ல வலையையும், ஐசையும், நியாயமான விலையையும் கொடுத்தாற் போதும். எறிவதற்கு மீன் மிஞ்சாது.

சிந்தனைக்கும் கலந்துரையாடலுக்கும்

1. கூடச் சிக்கும் மீனுக்கும் எறியப்படும் மீனுக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. படகோட்டி ஒருவர் நல்ல மீனைக் கடலில் எறிவதற்கான நான்கு காரணங்களைக் கூறுக. அவற்றுள் நம் வீட்டுப் பழக்கத்தாலே விளைவது எது?

3. சாட்டைவால் சுறாவைக் கரைக்குக் கொண்டுவருவதைத் தடுக்கும் சட்டம் ஏன் பாதிச் சட்டம் எனப்பட்டது? மீதிப் பாதி எது?

4. நோர்வேயின் முறையிலே, கொண்டுவரப்பட்ட குஞ்சு மீனுக்கு முழு விலையும் கொடுத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?

5. உங்கள் ஊர்க் கரைக்கு ஒரு மீன்பிடி விதியை நீங்களே வகுப்பதாயின் எதை வகுப்பீர்கள்? அதனால் யார் நட்டமடைவார்? அவருக்கு எவ்வாறு ஈடுசெய்வீர்கள்?